நாலாவது அடி

இந்தக் கதையைக் கருணைநாதன் ஒன்பது வருடங்களாக முழுதாக நம்பியதில்லை.

நம்பாமல் இருந்ததும் இல்லை. காலையில் நம்புவார். மத்தியானம் சோற்றுக்குக் கை கழுவும்போது சந்தேகம் வந்து பக்கத்தில் உட்காரும். கதையைச் சொன்னவர் அவருடைய குரு. பொய் சொல்கிற பழக்கம் இல்லாதவர். அப்படிப்பட்டவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் அது சீடனுக்காகத்தான் சொல்லப்பட்டிருக்கும். அந்த நினைப்பைத்தான் கருணைநாதனால் தாங்க முடியவில்லை.

குரு சொன்னது நாலைந்து வாக்கியம்தான். முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் அது விளங்கும்.

குருவின் பெயர் லவீனியா. இத்தாலியில், பளிங்கு மலைகளின் அடிவாரத்தில் ஒரு சிற்றூரில் அவருக்குப் பட்டறை இருந்தது. கருணைநாதனை விட இரண்டு வயது இளையவர். பதினாறு வயதில் சுத்தியல் பிடித்தவர். அவர் செய்கிற சிற்பங்களில் முகம் கிடையாது, கை கால் கிடையாது. ஒரு வளைவு இருக்கும், ஒரு மடிப்பு இருக்கும், உள்ளே கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். பெயரும் வைக்க மாட்டார்.

பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள்.

"இது என்ன?"

"எண்ணூறு கிலோ," என்பார் லவீனியா.

கருணைநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, நாலு நாடுகளில் தங்கி, முப்பத்துநாலாவது வயதில் அந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். மினுக்குகிற வேலை. தண்ணீர் ஊற்றி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு அதைவிட மென்மையானது, இப்படி ஒன்பது தாள். கடைசித் தாளில் கல் குழந்தையின் முதுகு மாதிரி ஆகிவிடும்.

பதினொரு வருடம் தேய்த்தார். கருணைநாதன் என்ற பெயரை அந்த ஊர் வாய்கள் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டன. பட்டறையில் அவர் நாதன். கண்காட்சிகளில் அந்த நாதனும் இல்லை. சிற்பத்தின்மேல் விளக்கைத் திருப்பி வைப்பார்கள். வெளிச்சம் விழுந்து வழுக்குகிற இடம் எல்லாம் அவருடைய விரல் போன இடம். அதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று மனைவியிடம் சொல்வார். கேட்காமலே சொல்வார்.

ஒரு நாள் லவீனியா புதிதாக வந்த கல் ஒன்றைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு நின்றார். திரும்பத் திரும்பத் தட்டினார்.

கருணைநாதன் தேய்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னார். "அதுக்குள்ள வெடிப்பு இருக்கு."

லவீனியா அறுத்துப் பார்த்தார். இருந்தது.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா கிணறு வெட்டுகிறவர், மயெஸ்த்ரா. பாறையைத் தட்டிக் கேட்டுத்தான் எங்கே வெடி வைக்கிறது என்று சொல்லுவார். சின்ன வயதில் நானும் கூடப் போவேன்."

மயெஸ்த்ரா என்றால் அவர்கள் மொழியில் குருவம்மா.

"என்ன பாறை?"

"சுண்ணாம்புக் கல்."

லவீனியா சிரித்தார். "சுண்ணாம்புக் கல் பூமிக்குள்ளே கிடந்து வெந்தால்தான் பளிங்கு. நீர் எங்கள் கல்லைப் பச்சையாகவே பார்த்திருக்கிறீர்."

மறுநாள் லவீனியா அவர் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கிவிட்டு ஒரு சுத்தியலைக் கொடுத்தார்.

"நாளையிலிருந்து நீர் சிற்பம் படியும்."

"எனக்கு நாற்பத்தைந்து வயசு."

"கல்லுக்கு அதைவிடக் கூட. அது வெட்கப்படுதா?"

அப்படித்தான் கருணைநாதன் சீடரானார்.

முதல் பாடம் கல்லைக் கேட்பது. குவாரியில் ஒரு கல்லை வாங்குவதற்கு முன் மூன்று பேர் அதைத் தட்ட வேண்டும். சீடன், கல் விற்கிறவர், குரு. நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து அடி. தட்டிய பிறகு ஒரே ஒரு சொல். நல்ல கல் மணி மாதிரி ஒலிக்கும். அப்படியென்றால் 'பாடுது' என்று சொல்ல வேண்டும். உள்ளே வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் ஒலி செத்துப்போகும். 'இல்லை' என்று சொல்ல வேண்டும். விளக்கம் கூடாது. தொழிலுக்குப் புதியவர் முதலில் சொல்ல வேண்டும். குரு கடைசியில்.

"ஏன் குரு கடைசியில்?" என்று கருணைநாதன் கேட்டார்.

"நான் முதலில் சொன்னால் உமக்கு என் குரல்தான் கேட்கும். கல் கேட்காது."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போய் மகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வைத்தார்.

ஒரு வருடம் கழிந்தது. ஒரு வசந்தகாலக் காலையில் இருவரும் வண்டியில் மலைக்குப் போனார்கள். லவீனியாவுக்கு ஒரு பெரிய கல் தேவைப்பட்டது. கோடு ஓடாத, சாம்பல் படராத முழு வெள்ளை. இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

வண்டி வளைவுகளில் ஏறும்போது லவீனியா சொன்னார். "இன்றைக்குக் கல் சரி வந்தால், ஓரத்தில் ஒரு துண்டு மிஞ்சும். அது உமக்கு."

"எனக்கு என்னத்துக்கு?"

"உம்முடைய வேலையைச் செய்ய. மிலான் கண்காட்சியில் என்னுடையதுக்குப் பக்கத்தில் வைப்போம். அட்டையில் இரண்டு பெயர்."



"என்ன பெயர் போடுவீர்கள்?"

"உம்முடைய முழுப் பெயர். எழுதிக் காட்டும், பழக வேணும்."

வண்டியின் முன்தட்டில் பளிங்குத் தூசி படிந்திருந்தது. கருணைநாதன் அதில் விரலால் தன் பெயரை இத்தாலிய எழுத்தில் எழுதினார். நீளம் போதாமல் இரண்டு வரியாகப் போயிற்று. லவீனியா ஒருமுறை வாசித்தார். ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தார்.

குவாரிக்காரர் ரெமோ கையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதல் கல்லைக் கருணைநாதன் தட்டினார். இல்லை என்றார். இரண்டாவதைத் தட்டினார். அதுவும் இல்லை.

ரெமோ லவீனியாவிடம் திரும்பினார். "இந்த ஆள் கல் வாங்க வந்தவரா, பொம்பிளை பார்க்க வந்தவரா?"

கூட நின்ற கிரேன்காரர்கள் சிரித்தார்கள்.

"மலையையே பொதி கட்டிக் கொடுத்தாலும் ஒரு குறை சொல்லுவார் போல," என்றார் ரெமோ.

மூன்றாவது கல்லைக் கண்டதும் லவீனியா நின்றுவிட்டார். வெயில் அதன்மேல் விழவில்லை, உள்ளே இறங்கியது. ஒரு கோடு இல்லை. லவீனியா இரண்டு உள்ளங்கையையும் அதில் வைத்தார்.  பிறகு விலகி நின்று கருணைநாதனுக்கு வழி விட்டார்.

அவர் தட்டினார். முதல் மூலை பாடியது. இரண்டாவது பாடியது. மூன்றாவது, கோயில் மணி அடித்து ஓய்கிற மாதிரி நெடுநேரம் பாடியது.

நாலாவது மூலையில் கல் பேசவில்லை.

மிகச் சின்னக் குறை. மணியின் நாக்கில் துணி சுற்றின மாதிரி ஒரு மங்கல். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. சுத்தியல் பிடித்த கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது.

பிறகு நடுவில் ஐந்தாவது அடி. பாடியது.

"என்ன, இதுவும் சம்பந்தம் சரி வராதா?" என்றார் ரெமோ.

கருணைநாதன் திரும்பினார். லவீனியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாடுது," என்றார் கருணைநாதன்.

"பாடாமல்? நான் பெற்ற பிள்ளை!" என்று ரெமோ பெயருக்கு இரண்டு தட்டுத் தட்டினார். "பாடுது."

லவீனியா சுத்தியலை வாங்கி ஐந்து இடத்திலும் தட்டினார். நாலாவது மூலையில் மட்டும் கன்னத்தைக் கல்லோடு ஒட்டி வைத்துக்கொண்டு தட்டினார். கண்ணை மூடியிருந்தார். கிரேன்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"பாடுது," என்றார்.

கல் மலையிலிருந்து பட்டறைக்கு இறங்கி வந்தது. சொன்னபடியே ஓரத்தில் ஒரு துண்டை அறுத்து, அதில் 'நாதன்' என்று கரியால் எழுதிச் சுவரோடு வைத்தார்கள். நாலாவது மூலை பெரிய கல்லோடேயே நின்றது.

வேலை பதினான்கு மாதம் நடந்தது. லவீனியா கல்லின் உள்ளேயிருந்து எடுத்துக்கொண்டே போனார். ஒரு பெரிய இலையைச் சுருட்டத் தொடங்கி, இடையில் மனம் மாறிக் கையை எடுத்தது போல ஒரு வடிவம் வந்தது. சுவர்கள் மெலிந்துகொண்டே போயின. காலை வெயில் உள்ளே போய்ப் பால் மாதிரித் தேங்கி நின்றது. அதைப் பார்த்தால் இது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

அதை மினுக்க வேறு ஆளை விட மனமில்லாமல் கருணைநாதன் மறுபடி உப்புத்தாளை எடுத்தார். தன் துண்டை மிலானுக்கு முன்னால் தொடங்கலாம் என்று தள்ளி வைத்தார்.

ஈரப் பளிங்கு காயும்போது ஒன்றாக வெளுக்கும். உள்ளே வெடிப்பு இருந்தால் அந்த இடம் மட்டும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கடைசியாகக் காயும். ஆறாவது மாதம் ஒரு மாலை, நாலாவது மூலையில் ஒரு கறுத்த கோடு காயாமல் நின்றது. தலைமயிர் அளவு. ஒரு சாண் நீளம்.

பகல் முடிவில் கல் காய்வதைச் சுற்றி வந்து பார்ப்பது லவீனியாவின் பழக்கம். அவர் அந்தப் பக்கம் வருவதற்கு முன், கருணைநாதன் காற்றுக் குழாயை எடுத்து அந்தக் கோட்டின்மேல் அடித்தார். அரை நிமிடத்தில் மறைந்துவிட்டது.

முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு கல் போயிருக்கும். அவ்வளவுதான். பத்தாம் நாள் சொல்வதானால் ஒன்பது நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐம்பதாம் நாளுக்குப் பிறகு, சொல்ல வேண்டியது கல்லைப் பற்றியதே இல்லை என்று ஆகிவிட்டது.

லவீனியா ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்தபடி கேட்பார். "கல் எப்படி?"

"நல்லாயிருக்கு, மயெஸ்த்ரா."

அந்த நாட்களில்தான் லவீனியா ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போகத் தொடங்கினார். முன்பெல்லாம் கடைசியாகப் போகிறவர் அவர்தான். கண் களைக்கிறது என்றார். கல் காயும் நேரத்தில் பட்டறையில் கருணைநாதன் மட்டும் இருந்தார். காற்றுக் குழாய் இருந்தது.

மிலானுக்கு ஏற்றுகிற நாள் வந்தது. காலை பத்து மணி. லாரி வாசலில் நின்றது. சிற்பத்துக்குப் பட்டை கட்டிக் கிரேனில் கொளுவினார்கள். ஒரு முழம் எழும்பியது. அப்போது கருணைநாதனுக்கு ஒரு சத்தம் கேட்டது. நகம் வெட்டுகிற சத்தம். வேறு யாரும் திரும்பவில்லை.

"இறக்குங்கோ!" என்று தமிழில் கத்தினார்.

தமிழ் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. நாலாவது மூலை தனியே பிரிந்து விழுந்தது. மற்றது பட்டைக்குள் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு அதுவும் விழுந்தது.

ஒருவருக்கும் அடிபடவில்லை. லாரிக்காரர் தொப்பியைக் கழற்றினார், சாவு வீட்டில் கழற்றுவது போல.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு இருவரும் கல்துண்டுகளுக்கு நடுவில் இருந்தார்கள். லவீனியா காலடியில் கிடந்த ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக மினுக்கிய துண்டு.

கருணைநாதன் வாயைத் திறந்தார். "மயெஸ்த்ரா, அன்றைக்கு மலையில..."

லவீனியா கையை உயர்த்தினார்.

"எனக்கும் கேட்டது."

"என்ன?"

"ஐந்து அடி அடித்தீர். நாலாவது அடி செத்திருந்தது. எனக்கும் கேட்டது."

"பிறகு ஏன் பாடுது என்று சொன்னீர்கள்?"

"நீர் ஒரு துண்டுக்கு ஆசைப்பட்டீர். நான் முழுக் கல்லுக்கும் ஆசைப்பட்டேன்." லவீனியா எழுந்து உடுப்பைத் தட்டினார். "போய்க் கோப்பி போடும்."

இதுதான் அந்தக் கதை.

அன்று கருணைநாதன் அடுப்படியில் நின்று அழுதார். துக்கத்தில் அழவில்லை, ஆறுதலில் அழுதார். பின்னால் பல வருடங்கள் அவர் வெட்கப்பட்டது அந்த அழுகைக்காகத்தான். ஈரக் கோட்டைப் பற்றி அன்று அவர் சொல்லவில்லை. கோப்பி கொதித்துக்கொண்டிருந்தது, பிறகு சொல்லலாம் என்று நினைத்தார்.

சந்தேகம் ஒரு மாதம் கழித்து வந்தது. கேட்டிருந்தால், அந்த மூலையைத்தானே தடிப்பாக விட்டிருக்க வேண்டும்? லவீனியா அதைத்தான் எல்லாவற்றிலும் மெல்லியதாக்கினார். விரல் தடிப்பு. தெரிந்தவர் யாராவது அப்படிச் செய்வார்களா? அப்படியென்றால் கேட்கவில்லை. கேட்காவிட்டால் நாலாவது அடி என்று எப்படிச் சொன்னார்? எந்த மூலை என்பதை உடைந்த பிறகு யாரும் சொல்லலாம். ஆனால் எந்த மூலையை எத்தனையாவதாகத் தட்டினார் என்பது அன்று கவனித்துக் கேட்டவருக்குத்தான் தெரியும்.

மனைவி சுகிர்தாவிடம் ஒருமுறை முழுவதையும் சொன்னார். காற்றுக் குழாயை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார்.

சுகிர்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "அந்த அம்மா உங்கட மனம் நோகக்கூடாதெண்டு சொல்லியிருப்பா. விடுங்கோவன்."

"அப்ப அது பொய்யோ?"

"நல்ல மனிசர் சொன்னதை ஏன் கிண்டுறியள்? கல்லைத்தான் கிண்டுறியள் எண்டால் கதையையுமோ?"

கரியில் பெயர் எழுதிய துண்டை லவீனியா வண்டியில் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். கருணைநாதன் அதில் ஒரு உளியும் வைக்கவில்லை. பல்கனியில் கிடந்தது. சுகிர்தா கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அதன்மேல் கறிவேப்பிலைச் சாடியை வைத்தார்.

லவீனியா அதன் பிறகு பெரிய கல் வாங்கவில்லை. மடியில் வைத்துச் செய்யக்கூடிய சின்னச் சின்ன வேலைகள் செய்தார். பார்க்க வருகிறவர்கள் இப்போதும் கேட்டார்கள்.

"இது என்ன?"

"நாலு கிலோ," என்றார் லவீனியா.

முன்பு சிரிக்கிற மாதிரியே சிரித்தார். கருணைநாதன் அப்போதெல்லாம் வேறு பக்கம் பார்ப்பார்.

ஒன்பது வருடம் இப்படிப் போயிற்று. இந்த வருடம் லவீனியா தொலைபேசியில் பேசுவதை நிறுத்தினார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. கருணைநாதன்தான் வற்புறுத்திக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் ஒரு இளம்பெண். காதில் கருவி மாட்டி ஒரு மணிநேரம் சோதித்தார். காகிதத்தில் ஒரு கோடு வந்தது. முதலில் சமமாகப் போய், பிறகு கிணற்றுக்குள் இறங்குகிற படி மாதிரி இறங்கியது.

"எத்தனை வருடமாக இப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

"என்ன?"

"எத்தனை வருடம்?"

"சத்தமாகச் சொல்லும் பிள்ளை. அதுக்குத்தானே வந்திருக்கிறேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு கருணைநாதனைப் பார்த்துப் பேசினார். "கல் அறுக்கிற சத்தம். இந்த ஊரில் பலருக்கும் வருகிறதுதான். ஆனால் இவருக்குப் பழையது. பேச்சு ஓரளவு கேட்டிருக்கும், மிச்சத்தை உதட்டைப் பார்த்துச் சமாளித்திருப்பார். கூர்மையான சத்தம் எதுவும் காதுக்குள் போயிருக்காது. குருவி, மணி, இப்படி."

"கல்லைச் சுத்தியலால் தட்டினால்?"

"அது எப்படி இருக்கும்?"

"நல்ல கல் என்றால் மணி மாதிரி."

"அப்படியென்றால் கேட்டிருக்காது. நல்லதும் கெட்டதும் இவருக்கு ஒரே மாதிரித்தான் இருந்திருக்கும்."

கருணைநாதன் காகிதத்தில் இருந்த படிகளைப் பார்த்தார்.

"பழையது என்றால் எவ்வளவு பழையது?"

"பத்து வருடம் இருக்கலாம். பதினைந்தும் இருக்கலாம். இப்போது பார்த்துச் சொல்ல முடியாது."

மலைக்குப் போய்ப் பத்து வருடம்.

டாக்டர் லவீனியாவிடம் குனிந்து உரக்கக் கேட்டார். "கோயில் மணி அடிக்கிறது தெரியாமலா இவ்வளவு நாள் இருந்தீர்கள்?"

"மணி அடித்தால் எல்லோரும் நேரத்தைப் பார்ப்பார்கள்," என்றார் லவீனியா. "அவர்கள் பார்த்தால் நானும் பார்ப்பேன்."

திரும்பி வரும் வழியில் கருணைநாதனுக்கு அந்தப் பழைய விதி நினைவு வந்தது. புதியவர் முதலில், குரு கடைசியில். கொப்பியில் எழுதி வைத்த வசனம் அது. காது கேட்காத ஒருவர் சீடனுடைய காதை வாங்கிக்கொள்ள அதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

அந்தரத்தில் நின்ற தன் கையை நினைத்தார். அந்தக் கையைப் பார்த்தால் போதும். எத்தனையாவது அடி என்று செவிடருக்கும் தெரியும்.

லவீனியாவுக்குக் கேட்டிருந்தால் அது இரண்டு பேரும் சேர்ந்து உடைத்த கல். கேட்காமல் சீடனுடைய சொல்லை அப்படியே நம்பியிருந்தால், அது சீடன் ஒருவன் உடைத்த கல். கை நின்றதைக் கண்டும் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டிருந்தால்... அதற்கு மேலே கருணைநாதனுக்கு நினைக்கத் துணிவில்லை. ஒவ்வொரு காலையும் லவீனியா கதவைத் திறந்தபடி கேட்ட 'கல் எப்படி' என்ற கேள்வி அங்கே வந்து நின்றது.

காதுக்கருவி வர இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை கருணைநாதன் அவரிடம் எதையும் விசாரிக்கவில்லை. விசாரித்தால், காதில் விழவில்லை என்று லவீனியா சொல்லிவிட இடம் இருந்தது. கருணைநாதனுக்கும் அந்த இடம் தேவையாக இருந்தது.

கருவி பொருத்திய மறுநாள் கருணைநாதன் பல்கனிக்குப் போய்ச் சாடியை இறக்கி வைத்தார்.

"இதை ஏன் எடுக்கிறியள்?" என்றார் சுகிர்தா. "கறிவேப்பிலையை எங்க வைக்கிறது?"

"கீழ வை."

"செய்யப் போறியளோ?"

அவர் ஒரு துணியை எடுத்தார். கல்லைத் துடைத்தார். சாடியின் வட்டம் அதில் பதிந்திருந்தது.

பட்டறை வாசலில் அவர் கால் வைத்ததும் லவீனியா முகத்தைச் சுளித்தார். "நீர் நடக்கும்போது இவ்வளவு சத்தமா? இருபது வருடமாக இப்படியா நடந்தீர்?"

"இருபத்திரண்டு வருடம்."

"நல்லவேளை."

கருணைநாதன் கல்லை மேசைமேல் வைத்தார். கரி அழிந்துபோயிருந்தது. ஆனாலும் லவீனியாவுக்கு அது என்னவென்று தெரிந்தது. இழுப்பறையைத் திறந்து சின்னச் சுத்தியலை எடுத்தார். நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து அடி. ஒவ்வொன்றையும் அது அடங்கி முடியும்வரை விட்டுப் பிறகுதான் அடுத்ததைத் தட்டினார்.

"பாடுது," என்றார். "நல்லாய்ப் பாடுது. இதை ஏன் செய்யாமல் வைத்திருக்கிறீர்?"

கருணைநாதன் நின்றபடியே சொன்னார்.

"மயெஸ்த்ரா, அந்தக் கல்லில் ஈரக் கோடு ஒன்று தெரிந்தது. ஆறாவது மாதத்திலிருந்து. நாலாவது மூலையில். நீங்கள் காணக்கூடாது என்று ஒவ்வொரு பின்னேரமும் காற்றடித்துக் காயவைத்தேன்."

லவீனியா சுத்தியலை மேசையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"தெரியும்," என்றார். "காற்றுக் குழாயை நீர் ஒருநாளும் அதனுடைய ஆணியில் திருப்பி மாட்டினதில்லை."

வாசலில் ஒரு லாரி போயிற்று. லவீனியா அந்தப் பக்கம் திரும்பி, அது போய் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கருணைநாதன் மேசையைச் சுற்றி நடந்து அவருக்கு முன்னால் வந்து நின்றார். உதடும் தெரியட்டும், குரலும் கேட்கட்டும் என்று குனிந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"அந்த நாலாவது அடியை நீங்கள் கேட்டீர்களா, பார்த்தீர்களா?"